ஆறு நாள் பூட்டிக் கிடக்கும் ஆலயத்தை ஊருக்குத் திறப்பது எப்படி?

கேள்வி இதுதான். இங்கிலாந்தின் மிட்லண்ட்ஸ் பகுதியில் ஒரு சிற்றூர். அங்குள்ள பழைய ஆங்கிலிக்கன் ஆலயத்தின் நிர்வாகக் குழுவில் நம் சகோதரி ஒருவர் இருக்கிறார். ஞாயிறு ஆராதனைக்கு இருபது, இருபத்தைந்து பேர் வருகிறார்கள். மற்ற ஆறு நாளும் பூட்டு. ஊரில் தபால் நிலையம் போய்விட்டது, பப்பும் மூடிவிட்டது, நாலு பேர் உட்கார்ந்து பேச இடமில்லை. ஆலயத்தை எல்லோருக்கும் பொது இடமாகத் திறப்பது என்று குழு முடிவு செய்திருக்கிறது. பெஞ்சுகளை எடுத்துவிட்டு கஃபே கட்ட ஒரு கட்டடக் கலைஞரிடம் வரைபடம் கேட்கலாமா என்பதில் பேச்சு நிற்கிறது. "எங்கே தொடங்குவது?" என்கிறார்.

கட்டடக் கலைஞரை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். முதலில் ஒரு பெரிய கெட்டிலும் ஒரு டஜன் கோப்பையும் வாங்குங்கள். பரிகாசமாகச் சொல்லவில்லை. லண்டன் புறநகர் ஒன்றில் எங்கள் ஆலயத்தின் நிர்வாகக் குழுவில் பதினைந்து ஆண்டுகள் இருந்தேன். அதில் ஆறு ஆண்டுகள் சர்ச் வார்டன், அதாவது கட்டடத்துக்கும் உடைமைகளுக்கும் பொறுப்பான சபைப் பிரதிநிதி. நாங்கள் வரைபடத்தில்தான் தொடங்கினோம். இரண்டு ஆண்டுகளும் கையிருப்பில் கணிசமான பகுதியும் அதற்கே போயின. கண்ணாடிச் சுவர், வளைந்த மேசை, தொங்கும் விளக்குகள் எல்லாம் அந்தப் படத்தில் இருந்தன. கோப்பை ஏந்தி நின்ற மனிதர்கள்கூட இருந்தார்கள். அத்தனை பேரும் முப்பது வயதுக்காரர்கள், ஒல்லியானவர்கள், கழுத்தில் சால்வை போட்டவர்கள். எங்கள் தெருவில் அப்படி ஒருவரும் கிடையாது.

அதற்கு முன் ஒரு விஷயம். உங்களுக்கு வரும் முதல் எதிர்ப்பு பணத்தைப் பற்றியதாக இருக்காது. "தேவனுடைய வீட்டை டீக்கடை ஆக்கப் போகிறீர்களா?" என்று மூத்தவர் ஒருவர் கேட்பார். ஆலயத்திலிருந்து வியாபாரிகளைச் சாட்டையால் விரட்டிய வசனத்தையும் எடுத்துக் காட்டுவார். அவரை அலட்சியம் செய்யாதீர்கள். பீடத்துக்குப் பூ வைப்பவரும் பித்தளையைத் துலக்குபவரும் பெரும்பாலும் அவராகத்தான் இருப்பார். அவருக்குச் சொல்ல வேண்டியது அந்தக் கட்டடத்தின் சொந்த வரலாறு.

இடைக்கால இங்கிலாந்தின் ஊர் ஆலயத்தில் பீடப்பகுதியைப் பராமரிப்பது குருவின் பொறுப்பு, நடுக்கூடத்தைப் பராமரிப்பது ஊராரின் பொறுப்பு. கூரை ஒழுகினால் அவரவர் பகுதியை அவரவர் செப்பனிட வேண்டும். அந்த நடுக்கூடத்தில் ஆரம்பத்தில் பெஞ்சுகளே இல்லை. சுவரோரமாகக் கல் திண்ணை ஓடும், நிற்க முடியாதவர்கள் அதில் உட்கார்ந்துகொள்வார்கள். மற்றபடி வெறும் தரை. ஊர்க் கூட்டம் அங்கே நடந்தது, பிள்ளைகள் எழுத்துப் படித்தார்கள், கூத்தும் விருந்தும் நடந்தன. ‘சர்ச் ஏல்’ என்று ஒரு வழக்கம் இருந்தது. சர்ச் வார்டன்களே பீர் காய்ச்சி, ஊரைக் கூட்டி விற்று, வந்த காசில் ஆலயத்தைப் பழுது பார்த்தார்கள். லண்டனில் பழைய புனித பவுல் பேராலயத்தின் நடுக்கூடம் வழக்கறிஞர்களும் வேலை தேடுபவர்களும் வம்பளப்பவர்களும் உலவும் நடைபாதையாகவே இருந்தது. 1604-இல் வெளிவந்த திருச்சபைச் சட்டத்தின் 88-ஆவது விதி, ஆலயத்துக்குள் விருந்து, கூத்து, குடி, சர்ச் ஏல் எதுவும் கூடாது என்கிறது. நடக்காத ஒன்றைத் தடுக்க யாரும் சட்டம் போடுவதில்லை. பிரசங்கம் நீள நீளப் பெஞ்சுகள் வந்தன. பிறகு பெஞ்சுக்குக் கதவு, கதவுக்குப் பூட்டு, குடும்பத்துக்கு இவ்வளவு என்று வாடகை. இன்று நீங்கள் பார்க்கும் வரிசைகளில் பெரும்பாலானவை விக்டோரியா காலத்தவை. ஆகவே உங்கள் மூத்தவர் காக்க நினைக்கும் அந்த மௌனமான கூடத்துக்கு வயது கட்டடத்தின் வயதைவிட மிகவும் குறைவு.

நமக்கும் இது புதிதல்ல. ‘பள்ளி’ என்ற ஒரே சொல்லை நாம் சமணர் உறைவிடத்துக்கும் சொன்னோம், பாடம் படிக்கும் இடத்துக்கும் சொல்கிறோம், ‘வாசல்’ சேர்த்துத் தொழும் இடத்துக்கும் சொல்கிறோம். நெல்லைச் சீமையில் எத்தனையோ கிராமங்களில் ஞாயிற்றுக்கிழமை ஜெபவீடாக இருந்த அதே ஓலைக்கூரைதான் திங்கள் முதல் பள்ளிக்கூடம்.

சரி, கெட்டிலுக்கு வருகிறேன். வரைபடங்கள் பரணுக்குப் போன பிறகு, எங்கள் குழுவில் இருந்த ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் சொன்னார்: "செவ்வாய்க்கிழமை இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை கதவைத் திறந்து வைப்போம். என்ன ஆகிறது என்று பார்ப்போம்." நான்கு வாரம் நாங்களே டீ போட்டு நாங்களே குடித்தோம். ஐந்தாவது வாரம் சர்க்கரை தீர்ந்துவிட்டது. கடைக்குப் போய்த் திரும்பும்போது எதிர்ப்பக்கத்துப் பஸ் நிறுத்தத்தில் நின்று ஆலயத்தைப் பார்த்தேன். குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் நடைபாதையில் ஏறி வந்தார். பலகையைப் படித்தார். கதவில் இருந்த இரும்பு வளையத்தைப் பிடித்து வலப்பக்கம் திருப்பினார், அசையவில்லை. மறுபடி திருப்பினார். யாராவது பார்க்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

அந்த வளையத்தை இடப்பக்கம் திருப்பி, தோளால் ஒரு தள்ளுத் தள்ள வேண்டும். அது எங்களுக்குத் தெரியும். எங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

அடுத்த செவ்வாய் கதவை முழுவதும் திறந்து, பழைய பாட்டுப் புத்தகங்களை அடுக்கி முட்டுக் கொடுத்தோம். நவம்பர் மாதம், உள்ளே இருந்தவர்கள் கோட்டைக் கழற்றவில்லை. ஆனால் அன்று மூன்று பேர் வந்தார்கள். பல மாதம் கழித்து, உரிய அனுமதி பெற்று, உள்பக்கம் ஒரு கண்ணாடிக் கதவு போட்டோம். இப்போது ஓக் கதவு பகல் முழுவதும் விரியத் திறந்திருக்கும், தெருவிலிருந்து பார்த்தால் உள்ளே விளக்கும் மனிதர்களும் தெரியும், குளிரும் நுழையாது. இத்தனை ஆண்டுகளில் நாங்கள் செலவழித்ததில் பலன் தந்த முதல் காசு அதுதான். உங்கள் ஆலயத்தில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய முடியும் என்றால் அதைச் செய்யுங்கள். மூடிய ஓக் கதவு பூட்டாமல் இருந்தாலும் பூட்டிய கதவுதான்.

திருட்டுப் பயம் வரும். வரட்டும். இந்நாட்டில் ஆலயங்களுக்குக் காப்பீடு தரும் முக்கிய நிறுவனமே பகலில் திறந்து வையுங்கள் என்றுதான் அறிவுரை சொல்கிறது. ஆள் நடமாட்டமே காவல். ஈயக்கூரையை உரிக்க வருபவன் ஆளில்லாத ஆலயத்தைத்தான் தேடுகிறான். வெள்ளிப் பாத்திரங்களை எடுத்துப் பெட்டகத்தில் வைத்துவிட்டு, விலை உயர்ந்த மெழுகுவர்த்தித் தண்டுகளுக்குப் பதில் சாதாரணமானதை வையுங்கள், போதும்.

உள்ளே வருபவரை எதிர்கொள்வதற்கும் பழக்கம் வேண்டும். புதிதாக ஒருவர் நுழைந்ததும் நான்கு பேர் ஒரே நேரத்தில் எழுந்து சிரித்தால், அவர் மாட்டிக்கொண்டோம் என்று நினைப்பார். எங்களிடம் ஒரு முதியவர் வந்தார். கடைசிப் பெஞ்சில், ரேடியேட்டரை ஒட்டி உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பார். நான்கு மணிக்கு எழுந்து போய்விடுவார். "நலமா?" என்றால் தலையாட்டுவார். டீ வேண்டாம். ஏழெட்டு வாரம் இப்படியே. எங்களில் ஒருவருக்குப் பொறுக்கவில்லை, பக்கத்தில் போய் உட்கார்ந்து விசாரிக்க வேண்டும் என்றார். நர்ஸ் அவரைத் தடுத்துவிட்டார். ஒரு நாள் கோப்பை கழுவ ஆளில்லாமல் நான் தனியாக நின்றபோது, அந்த முதியவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு வந்து, "துடைக்கிற துணி எங்கே வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார். அவர் எங்களிடம் பேசிய முதல் வாக்கியம் அது. அவர் பெயர் எங்களுக்குத் தெரிவதற்கு முன்பே துணி எங்கே இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்தது, என்ன நடத்துவது. ‘எங்கள் ஆலயத்தில் என்ன செய்யலாம்?’ என்று ஊரைக் கேட்காதீர்கள். எல்லோரும் மரியாதைக்கு ‘கஃபே’ என்பார்கள், ஒருவரும் வரமாட்டார்கள். ‘போன வாரம் எதற்காக ஊரைவிட்டு வெளியே போனீர்கள்?’ என்று கேளுங்கள். தபால் அனுப்ப, மருந்து வாங்க, பிள்ளையை விளையாட விட, பேரனிடம் போனில் படிவம் நிரப்பித் தரச் சொல்ல என்று பட்டியல் தானாக வரும். ஹெரிஃபோர்ட்ஷயரில் யார்ப்போல் என்ற கிராமத்தில், ஊர் மக்களே நடத்தும் கடையும் தபால் சேவையும் புனித லியோனார்ட் ஆலயத்துக்குள்ளேயே குடிபுகுந்தன. லண்டன் வெஸ்ட் ஹாம்ப்ஸ்டெட்டில் இருந்த தபால் நிலையம் மூடப்படும் நிலை வந்தபோது, அங்குள்ள புனித யாக்கோபு ஆலயம் அதைத் தன் கூடத்துக்குள் எடுத்துக்கொண்டது. 2014 முதல் ஷெரிஃப் சென்டர் என்ற பெயரில் தபால் கவுண்டரும் கஃபேயும் குழந்தைகள் குதித்து விளையாடும் மெத்தைக் கூடாரமும் அதே கூரையின் கீழ் இயங்கத் தொடங்கின. பார்சல் அனுப்ப வருபவருக்கு ஆலயத்துக்குள் நுழைய வேறு காரணம் சொல்லத் தேவையில்லை. அதுதான் இதில் உள்ள நுட்பம். கூச்சப்படுகிற மனிதனுக்குக் கையில் ஒரு பார்சல் வேண்டும்.

இப்போது கட்டட விஷயம். கழிப்பறை இருக்கிறதா? இல்லையென்றால் முதியவர்களும் கைக்குழந்தைக்காரர்களும் அரை மணி நேரத்துக்கு மேல் இருக்கமாட்டார்கள், நீங்கள் எவ்வளவு நல்ல கேக் கொடுத்தாலும் சரி. பழைய கிராம ஆலயங்கள் பலவற்றில் கழிவுநீர்க் குழாயே கிடையாது. சுற்றிலும் கல்லறைகள் என்பதால் ஆழமாகத் தோண்டவும் முடியாது. அதற்கென்றே ஆழம் குறைந்த நீண்ட பள்ளம் வெட்டி, மேலே மூடி, கழிவை மண்ணிலேயே மட்க விடும் முறை ஒன்று உண்டு. டிரெஞ்ச் ஆர்ச் என்பார்கள். மண் ஒத்துழைத்தால் உங்களுக்குச் சரிவரும். தள்ளுநாற்காலி நுழையும் அளவுக்குக் கழிப்பறையை அமையுங்கள்.

குளிரைப் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை: கட்டடம் முழுவதையும் சூடாக்க முயலாதீர்கள். உயர்ந்த கல் கூடத்தில் வெப்பம் கூரைக்கு ஏறிவிடும், வௌவால்கள்தான் சுகமாக இருக்கும். (அந்த வௌவால்களைத் தொடவும் முடியாது, சட்டம் அவற்றின் பக்கம்.) ஒரு மூலையைத் தடுத்துச் சிறு அறையாக்கி அதை மட்டும் சூடாக்குங்கள். முடியாவிட்டால் மனிதர்கள் உட்காரும் இடத்தை மட்டும் சூடாக்கும் கருவிகள் போடுங்கள்.

பெஞ்சு விஷயத்தில்தான் நட்புகள் உடையும். இங்கிலாந்து திருச்சபைக்குச் சுமார் 16,000 ஆலயங்கள். அவற்றில் முக்கால் பங்குக்கு மேல் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் உள்ளவை. பட்டியலில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், உள்ளே ஏதாவது மாற்றுவதென்றால், மிகச் சிறிய வேலைகள் நீங்கலாக, ‘ஃபேகல்டி’ என்ற அனுமதி வேண்டும். கொடுப்பவர் பேராயத்தின் சான்சலர். அவர் ஒரு நீதிபதி, அது ஒரு நீதிமன்றம். கட்டடத்தின் சிறப்பு என்ன என்று ஓர் அறிக்கை, உங்கள் தேவை என்ன என்று ஓர் அறிக்கை, இரண்டும் எழுத வேண்டும். பழங்கட்டடங்களைக் காக்கும் அமைப்புகளையும் கலந்து பேச வேண்டும். விக்டோரியா கால வேலைப்பாட்டில் கை வைத்தால் விக்டோரியன் சொசைட்டி கட்டாயம் ஒரு கடிதம் எழுதும். இதற்கெல்லாம் வழிகாட்டுவது, டஃபீல்ட் என்ற ஊரின் ஆலயத்தைப் பற்றிய வழக்கில் வந்த தீர்ப்பு. மாற்றம் கட்டடத்தின் சிறப்பைக் கெடுக்குமா, எவ்வளவு கெடுக்கும், அதை ஈடுகட்டும் அளவுக்கு மக்களுக்கு நன்மை உண்டா என்ற வரிசையில் சான்சலர் கேட்பார்.

இந்தக் கடைசிக் கேள்விக்கு வரைபடத்தால் பதில் சொல்ல முடியாது. "இரண்டு ஆண்டுகளாக வாரம் நாற்பது பேர் இந்தக் குளிரிலும் வருகிறார்கள், உட்கார இடமில்லாமல் திருமுழுக்குத் தொட்டியைச் சுற்றி நிற்கிறார்கள், இதோ வருகைப் புத்தகம்" என்று காட்டினால் அது பதில். கெட்டிலில் தொடங்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். பெஞ்சுகளைத் தற்காலிகமாக நகர்த்திப் பார்க்க பேராயரின் கீழ் வட்டார ஆலயங்களை மேற்பார்க்கும் குருவான ஆர்ச்டீக்கனே உரிமம் தர முடியும். பின்பக்கத்து நான்கு வரிசையை மட்டும் எடுத்துவிட்டு ஒரு குளிர்காலமும் ஒரு கோடையும் ஓட்டிப் பாருங்கள். பேராய ஆலோசனைக் குழுவை முதலிலேயே வீட்டுக்கு விருந்தாளியை அழைப்பது போல அழைத்து, டீ கொடுத்து, சுற்றிக் காட்டுங்கள். எல்லாம் தீர்மானித்த பிறகு விண்ணப்பத்தோடு போனால் அவர்கள் ஆசிரியர்கள் ஆகிவிடுவார்கள், நீங்கள் மாணவர்கள் ஆகிவிடுவீர்கள்.

பெரிய மாற்றம்தான் தேவை என்று தெரிந்த பிறகு, நேரம் ஒதுக்கி மூன்று இடங்களைப் பாருங்கள். ஹெரிஃபோர்ட் நகரின் ஆல் செயின்ட்ஸ், ஆராதனை நடக்கும் இடைக்கால ஆலயத்துக்குள்ளேயே 1990-களின் பிற்பகுதியில் கஃபே வந்த இடம். உள்ளே மரத்தாலான புது மாடமும் உண்டு. பசித்தவன் வருகிறான், சாப்பிடுகிறான், அண்ணாந்து பார்க்கிறான். கிழக்கு லண்டனின் போ பகுதியில் புனித பவுல் ஆலயத்தில், எஃகுத் தூண்களின் மேல் மரப்பெட்டி ஒன்று நடுக்கூடத்தில் தொங்குவது போல நிற்கிறது. பழுதாகி மூடிக் கிடந்த ஆலயம் 2004-இல் அந்தப் பெட்டியோடுதான் மீண்டும் திறந்தது. பெட்டிக்குள் உடற்பயிற்சிக் கூடம் வரை வந்தது, கீழே ஆராதனைக்கான இடம். சுவரைத் தொடாமல் உள்ளே புதிதாக ஒன்றை நிறுத்துவது என்ற யோசனை அங்கே நன்றாக விளங்கும்.

மூன்றாவது போல்டன் நகரின் ஆல் சோல்ஸ். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1881-இல் பஞ்சாலை நகரத்தில் எழுந்த பிரம்மாண்டமான செங்கல் ஆலயம். நடுக்கூடத்தில் தூண்களே இல்லை, அவ்வளவு அகலம். ஆலைகள் போயின, மக்கள் மாறினார்கள். குஜராத்திலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் வந்த முஸ்லிம் குடும்பங்கள் சுற்றிலும் குடியேறின. 1986-இல் ஆராதனை நின்றது. கைவிடப்பட்ட ஆலயங்களைப் பராமரிக்கும் சர்ச்சஸ் கன்சர்வேஷன் டிரஸ்ட் அதை எடுத்துக்கொண்டது. அப்படி முந்நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட ஆலயங்கள் அவர்கள் கையில் இருக்கின்றன. கல்லெறிந்து உடைந்த ஜன்னல்களோடு பல ஆண்டுகள் கிடந்த அந்தக் கட்டடத்துக்காக முன்னால் நின்று ஊரைத் திரட்டியவர் இனாயத் ஒமர்ஜி. அந்த வட்டாரத்தில் வளர்ந்த ஒரு முஸ்லிம். 2014-இன் இறுதியில், கூடத்துக்குள் இரண்டு நவீன மேடைக் கட்டடங்கள் எழுப்பப்பட்டு, சமூக மையமாக அது திறந்தது. பீடமும் வண்ணக் கண்ணாடிகளும் அப்படியே இருக்கின்றன. அந்த ஆலயத்தில் ஒரு நாளும் ஆராதனைக்கு உட்காராத மனிதர்கள் அதை எங்கள் கட்டடம் என்று சொன்னதால்தான் அது பிழைத்தது. உங்கள் குழுவில் எத்தனை பேர் ஆலயத்துக்கு வராதவர்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஒருவரும் இல்லையென்றால், நீங்கள் ஊருக்காகத் திட்டமிடுகிறீர்கள், ஊரோடு சேர்ந்து அல்ல.

நகரத்து உதாரணம் வேண்டுமென்றால் லண்டன் டிராஃபல்கர் சதுக்கத்து புனித மார்ட்டின் ஆலயம். முதல் உலகப் போர்க் காலத்தில் டிக் ஷெப்பர்ட் என்ற குரு, சேரிங் கிராஸ் ரயில் நிலையத்திலிருந்து போர்முனைக்குப் போகிற, அங்கிருந்து திரும்புகிற வீரர்கள் படுத்து இளைப்பாற ஆலயத்தைத் திறந்து வைத்தார். ‘எப்போதும் திறந்திருக்கும் கதவு’ என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. இன்று நிலவறையில் கஃபே நடக்கிறது. கல்லறைப் பலகைகள் பதித்த தரையில் மேசை போட்டுச் சாப்பிடுகிறார்கள். அந்த வருமானம் ஆலயப் பணிகளுக்குப் போகிறது. சுற்றுலாப் பயணிகள் ஆயிரக்கணக்கில் கடந்து போகிற இடத்தில் அது நடக்கும். உங்கள் ஊரில் கஃபே லாபம் தரும் என்று யாராவது கணக்குக் காட்டினால் நம்பாதீர்கள். கையைச் சுடாமல் இருந்தால் அதுவே லாபம்.

இனி கொஞ்சம் சங்கடமான விஷயம். வருபவர்களை ஆராதனைக்கு இழுக்கும் தூண்டிலாக டீயைப் பயன்படுத்தாதீர்கள். டீ மேசை மேல் துண்டுப்பிரசுரம் வைக்க வேண்டாம். வாசலில் ஒரு தட்டில் வையுங்கள், வேண்டியவர் எடுத்துக்கொள்வார். அதே சமயம் சிலுவையைத் திரை போட்டு மறைக்கவும் வேண்டாம். யாரும் அப்படிக் கேட்பதில்லை. நம்மவர்கள்தான் தாமாகவே கூச்சப்பட்டுக் கேட்கிறார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் சி.எஸ்.ஐ. ஆலயங்களில் ஆண்டுக்கொரு முறை அசனம் நடக்கும். மூட்டை மூட்டையாக அரிசி வடித்து, கிடாய் அறுத்து, ஊரே சாப்பிடும். சாதி மதம் பார்க்காமல் பந்தியில் உட்காருவார்கள். தூக்குவாளியோடு வந்து வீட்டுக்கும் வாங்கிப் போவார்கள். பின்னால் கொடிமரமும் கோபுரமும் நிற்கத்தான் செய்யும். சாப்பிடுபவர் யாரும் அதைப் பார்த்து விலகியதாக எனக்கு நினைவில்லை, பரிமாறுபவர் யாரும் வாளியைப் பிடித்துக்கொண்டு பிரசங்கம் செய்ததாகவும் நினைவில்லை.

பிற மதத்தினர் ஆலயத்துக்குள் வழிபடக் கேட்டால்? இங்கே இடம் கொடுப்பதும் வழிபாட்டுக்கு அனுமதிப்பதும் வெவ்வேறு விஷயங்கள். 2015-இல் லண்டன் வாட்டர்லூவின் புனித யோவான் ஆலயத்துக்குள் இஸ்லாமியத் தொழுகை நடந்தபோது புகார் எழுந்து, அங்கிருந்த குரு வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. இங்கிலாந்து திருச்சபையின் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட நீங்கள், பேராயரைக் கேட்காமல் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

ஆனால் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரக் கதையையும் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே திருச்சபை வேறு, சட்டம் வேறு. புனித யோவான் எபிஸ்கோப்பல் ஆலயத்துக்கு அடுத்த வாசல் ஒரு மசூதி. வெள்ளிக்கிழமை இடம் போதாமல் மக்கள் தெருவில் தொழுதார்கள், வட கடல் காற்றிலும் மழையிலும், வெறுங்காலோடு. அப்போது ஆலயத்தின் குருவாக இருந்தவர் ஐசக் பூபாலன். பெயரே சொல்லிவிடுகிறது, தென்னிந்தியாவில் வளர்ந்தவர். பாங்கு சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவருக்கு அது அந்நியமாகத் தெரியவில்லை போலும். இது நம்முடைய பிரச்சினை இல்லையே என்று சபையில் ஒருவர் சொன்னாராம். நான் கண்ணால் பார்த்துவிட்டேன், ஆகவே பிரச்சினைதான் என்பது பூபாலனின் பதில். ஆலயத்தின் ஒரு பகுதியை அவர்களுக்குத் திறந்துவிட்டார். 2013-இல் நாடு முழுவதும் செய்தி ஆயிற்று. பாராட்டும் வந்தது, வசையும் வந்தது. எனக்கு இதில் பிடித்தது, அவர் எந்தத் திட்ட அறிக்கையிலிருந்தும் தொடங்கவில்லை என்பது. ஜன்னலுக்கு வெளியே பார்த்தார், அவ்வளவுதான்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. லாட்டரி நிதியில் பாரம்பரியத்துக்கான பிரிவும் நேஷனல் சர்ச்சஸ் டிரஸ்டும் கட்டட வேலைக்கு உதவும். இரண்டுமே ‘ஆராதனைக்கு வராத மக்களுக்கு என்ன பயன்?’ என்று கேட்கும். மறுபடியும் அந்த வருகைப் புத்தகம்தான். சமைத்துப் பரிமாறுவது வழக்கமான வேலையாகப் போகிறது என்றால் 28 நாட்களுக்கு முன்பே கவுன்சிலில் பதிவு செய்யுங்கள். ஒவ்வாமை தரும் 14 பொருட்களின் பட்டியலைச் சுவரில் ஒட்டுங்கள். குழந்தைகளோடும் பலவீனமானவர்களோடும் வேலை செய்பவர்களுக்குப் பெரும்பாலும் குற்றப் பின்னணிச் சோதனை தேவைப்படும். எங்கள் பெண்கள் முதன்முதலில் சாம்பாருக்குத் தாளித்தபோது புகை எச்சரிக்கை மணி அலறி, தீயணைப்பு வண்டி வந்து நின்றது. வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். சமையலறைக்கு நல்ல புகைபோக்கி வையுங்கள்.

கடைசியாகச் சாவி. கதவைத் திறக்க எல்லாக் குழுக்களும் சம்மதிக்கும். சாவியைப் பிரதி எடுத்து வெளியாருக்குக் கொடுப்பது என்றதும் கூட்டம் மௌனமாகிவிடும். எங்கள் குழுவில் அந்த ஒரு தீர்மானத்துக்கு மூன்று கூட்டம் பிடித்தது. ஆட்சேபங்களில் நியாயமும் இருந்தது: விளக்கை அணைப்பார்களா, பூட்டுவார்களா, ஏதாவது உடைந்தால் யார் பொறுப்பு? எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், பொறுப்பை ஒருவர் பெயரில் போடுங்கள், காப்பீட்டில் சேருங்கள். ஆனால் சாவியைக் கொடுங்கள். ஒவ்வொரு முறையும் சர்ச் வார்டன் வந்து திறந்துவிட வேண்டிய இடத்தில் மக்கள் விருந்தாளிகளாகவே இருப்பார்கள், விருந்தாளி தரையைத் துடைக்கமாட்டார். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்காரர்கள் எங்கள் மண்டபத்தை வாடகைக்கு எடுத்திருந்த முதல் ஆண்டில் குப்பைக்காக வாராவாரம் சண்டை. சாவி அவர்கள் கைக்குப் போன பிறகு மண்டபத்துக்குப் புது விளக்குமாறு வந்தது.

இப்போது எங்கள் ஆலயத்துக்கு ஒன்பது சாவிகள். அதில் ஒன்று வியாழக்கிழமை மதிய உணவு நடத்தும் வங்காளதேச அம்மாவிடம் இருக்கிறது. அவர் தொழுவது வேறிடத்தில். சென்ற மாதம் பொருள்களைக் கணக்கெடுக்கப் போன நான் பெரிய கெட்டிலைக் கழுவாமல் வைத்துவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் போனில் அழைத்தார். "தம்பி, என் சமையலறையில் இப்படி விட்டுவிட்டுப் போனால் எப்படி?" என்றார். மன்னிப்புக் கேட்டுவிட்டு, வினிகர் வாங்கிக்கொண்டு போய்க் கழுவிக் கொடுத்தேன்.